பாக்குவெட்டி

"எதிர்ப்புச் சக்தியை அடக்கி வச்சாதான் உங்க புதுக் கிட்னி தங்கும். இந்த மாத்திரை உடம்புக்குள்ள உடைஞ்ச பிறகும் வேலை செய்யும், அண்ணே."

டாக்டரம்மா சொன்னதில் சுகுமாறன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது கடைசிப் பேச்சைத்தான். புக்கிட் பெலண்டோக் எஸ்டேட் வீட்டில் அன்றிலிருந்து தினமும் மாத்திரையைப் பாக்குவெட்டியில் வைத்து இரண்டாக நறுக்கினான்.

மூன்றே மாதத்தில் கிட்னி படுத்துவிட்டது. அதைக் கொடுத்த மனைவி பஞ்சாலையும் பத்து நாளாக, அவனைச் சேர்த்த அதே ஆஸ்பத்திரியில் பக்கத்து வார்டில் கிடந்தாள். வெறும் காய்ச்சல்தான், எந்த ஊசிக்கும் கேட்கவில்லை.

"பாதி மாத்திரைதான் சாப்பிட்டீங்களா?"

"உடைஞ்சாலும் வேலை செய்யும்னு நீங்கதானே சொன்னீங்க, டாக்டர்."

"மிச்சப் பாதி?"

"வீணாக்கல லா. எனக்குக் குடுத்துட்டு ஒத்தைக் கிட்னியோட நிக்கிறா. அந்த ஒண்ணாவது நல்லா இருக்கட்டும்னு தினமும் தேத்தண்ணியோட அவளுக்குக் குடுத்தேன். இன்னிக்குக் காலையிலகூட."

டாக்டரம்மா பஞ்சாலையின் ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துப் பார்த்தார். கிருமியோடு மல்லுக்கட்ட வேண்டிய வெள்ளணுக்கள் அநேகமாக அற்றுப்போயிருந்தன.

"அவளுக்கு வேலை செய்யுதா, டாக்டர்?"

"செய்யுது, அண்ணே" என்றார், தலை நிமிராமல்.