கடைசி போல்ட்

பந்தயக் காரின் பின்சக்கரங்களைத் தாங்கும் பிரேஸ் தண்டுகள் சென்ற விபத்தில் விரிசல் விட்டிருந்தன. மெக்கானிக் ஜெயசீலன் அவற்றுக்கு இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்து, மீண்டும் பொருத்திக்கொண்டிருந்தார். ஓட்டுபவரின் எடை இருக்கையில் இருக்கும்போதுதான் நான்கு போல்ட்டுகளையும் முழுவதுமாக இறுக்க வேண்டும் என்பதால், சம்யுக்தா ஹெல்மெட்டோடு உள்ளே அமர்ந்திருந்தாள். அந்த விபத்துக்குப் பின் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க அவளுக்கு ஓராண்டு ஆகியிருந்தது. காரின் அடியில் படுத்திருந்த ஜெயசீலனுக்கு அவளுடைய தந்தையின் காலணிகள் மட்டுமே தெரிந்தன.

அவள் வருவதற்குச் சற்று முன்புதான் அந்தத் தந்தை இவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தார்.

"ஒரே ஒரு போல்ட்ட மட்டும் லூசா விட்டுருங்க. நாளைக்குப் பந்தயத்துக்கு முன்னாடி செக்கிங்ல வண்டியத் திருப்பி அனுப்பிருவாங்க. எம்புள்ள வீட்டுல இருப்பா."

"அவங்க கவனிக்காம விட்டுட்டா, சார்?"

அவர் பிடித்த கையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

போதிய இறுக்கம் வந்ததும் ஸ்பானர் 'டக்' என்று ஒலித்தது. ஒவ்வோர் ஒலிக்கும் மேலிருந்து சம்யுக்தா, "ஒண்ணு... ரெண்டு... மூணு" என்று உற்சாகமாக எண்ணினாள். பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"என்னங்கண்ணா, தூங்கிட்டீங்களா? நாலாவது எங்க?"

காலணிகள் அசைந்தன.

"கேட்டுச்சே கண்ணு. நீதான் கவனிக்கல. இறங்கி வா" என்றார் தந்தை.

கதவு திறந்தது. அவள் ஒரு காலைத் தரையில் ஊன்றியதும் கார் ஒரு விரற்கடை அளவு மேலே எழும்பியது. ஜெயசீலனின் கை நான்காவது போல்ட்டில் மாட்டியிருந்த ஸ்பானரைத் திருப்பவுமில்லை, விடவுமில்லை.