வாளித் தண்ணீர்

குன்றுகள் சூழ்ந்த விரிகுடா, தட்டில் ஊற்றிய எண்ணெயாய் அசையாமல் கிடக்கிறது. முக்குளிக்க வந்த பெரியவர், கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க முகமூடிக்குள் துப்பி என்னிடம் நீட்டுகிறார். துப்பச் சொன்னது நான்தான், காறச் சொல்லவில்லை. பயிற்சியாளர் வேலை, செய்துதானே ஆகவேண்டும்? கட்டைவிரலால் அந்தக் கொழகொழப்பைக் கண்ணாடி முழுக்கத் தேய்க்கிறேன். சிகரெட் நாற்றம் அடிக்கிறது. காலையிலிருந்து ஆறு முகமூடிகளை அலசிய வாளியில் இதையும் அலசும்போது, ஓர் எச்சில் நூல் மட்டும் அறுபடாமல் விரலில் தொங்குகிறது. “ஆச்சுங்க” என்று மூச்சுக்குழாயை அவர் வாயருகே கொண்டுபோகிறேன். அவர் முகத்தைச் சுளித்துப் பின்வாங்குகிறார். “சீ, கையக் கழுவிட்டுத் தொடும்மா. வாயில வைக்கிறதுல்ல?” அதே வாளியில் கையை முக்கி எடுக்கிறேன். “ம், இப்ப குடு” என்று வாயைத் திறக்கிறார்.