சாய்த்துப் பிடித்த கண்ணாடி

“கண்ணாடி சாய்ஞ்சிருக்கு,” என்றாள் பார்லர்க்காரி.

தெரபிஸ்ட் பெண் குனிந்து பார்த்தாள். அவள் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது.

“ஒரு நூல் சாய்ஞ்சிருக்கும்மா. இருபது வருஷமா கண்ணாடி முன்னாடியே நிக்கிறவ சொல்றேன். நிமிர்த்திப் பிடி. ரெண்டு கையாலயும் பிடி.”

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எட்டி, கண்ணாடியின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டாள்.

பார்லர்க்காரிக்கு வேண்டியதும் அதுதான். இப்போது அந்தப் பெண்ணின் இரண்டு கைகளும் கண்ணெதிரே இருந்தன.

மேசையின் நடுவே குறுக்குச் சுவர் மாதிரி நின்றது கண்ணாடி. அதன் முகம் பார்லர்க்காரியின் இடது கையைப் பார்த்தபடி இருந்தது. முதுகுப்பக்கம், அவள் பார்வைக்கு மறைவாக, வலது கை ஒரு சின்னத் தலையணைமேல் கிடந்தது. விரல்கள் பாதி மூடியிருந்தன.

மணிக்கட்டு முறிந்து, கட்டுப் போட்டு, கட்டுப் பிரித்து, எலும்பும் கூடியாகிவிட்டது. வலி மட்டும் கிளம்புவதாயில்லை. காலி செய்யச் சொன்னாலும் காது கேட்காதவன் போல இருக்கிற குடித்தனக்காரன் மாதிரி அது உட்கார்ந்திருந்தது. போர்வையின் ஓரம் பட்டாலே கொள்ளிக்கட்டை வைத்தாற்போல் எரிந்தது. கத்தரிக்கோல் பிடித்த விரல்கள் விரிய மறுத்தன.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர் எலும்பில் ஒன்றுமில்லை என்றார். அந்த ஒன்றுமில்லையை நாத்தனார் வீடு முழுக்கப் பரப்பினாள். “கையில ஒண்ணுமில்லையாம். எல்லாம் அண்ணி மனசுலதானாம்.”

மனசுக்கும் உடம்புக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்கிற இந்த இடத்தைக் கண்டுபிடித்தவளும் நாத்தனார்தான். பார்லர் நாற்காலிக்குப் பின்னால் இப்போது நிற்பவளும் அவளேதான்.

சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

கை அசைந்தால், இத்தனை நாளும் நடித்தாள் என்பார்கள். அசையாவிட்டால் நாற்காலி கைவிட்டுப் போகும். இரண்டு பக்கமும் கதவை அடைத்துவிட்டு உள்ளே அனுப்பியிருக்கிறார்கள்.

“வலி நிஜம்தான்க்கா,” என்றாள் தெரபிஸ்ட் பெண். “எலும்பு ஆறிடுச்சு, மூளை மட்டும் இன்னும் காவலுக்கு நிக்குது. இடது கையை மெதுவா திறந்து மூடுங்க. கண்ணாடியில தெரியறது உங்க வலது கைன்னு நினைச்சுக்கோங்க.”

நினைச்சுக்கோங்க! யாரிடம் சொல்கிறாள்? கண்ணாடியைக் காட்டியே ஊரை நம்ப வைத்தவளிடமா?

அவளுடைய நெடுநாள் வாடிக்கையாளர்களில் ஒருவர் வங்கி மேலாளர் அம்மாள். அவருக்கு உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு மண்டை தெரியும். வெட்டி முடித்து, பின்பக்கம் கைக்கண்ணாடியைப் பிடித்துக் காட்டும்போது பார்லர்க்காரி அதை லேசாகச் சாய்ப்பாள். வழுக்கை நழுவி மறைந்துவிடும். பிடரியின் அடர்ந்த முடி மட்டும் பளபளவென்று வந்து நிற்கும்.

அம்மாளின் முகம் மலர்ந்துவிடும். “போதும். அப்படியே பிடி, அசைக்காத,” என்பார்.

இவ்வளவு பெரிய உத்தியோகத்தில் இருக்கிறவர் இவ்வளவு லேசாக ஏமாறுகிறாரே என்று பார்லர்க்காரி உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள்.

அதனால் கண்ணாடிக்குள் தெரிந்த கையை அவள் நம்பவில்லை. அது இடது கை. உட்கார்ந்ததுமே அதிலிருந்த மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்களே, ஏன்? இரண்டு கையும் ஒன்றுபோல் தெரியத்தான். இந்தத் தொழில் ரகசியம்கூடத் தெரியாதவளா அவள்?

திறந்தாள். மூடினாள்.

கண்ணாடிக்குள் ஒரு வலது கை திறந்தது, மூடியது. சின்ன முகச்சுளிப்புகூட இல்லாமல். ஒரு காலத்தில் அவளிடம் அப்படி ஒரு கை இருந்தது. சீப்பை விரலிடுக்கில் செருகிக்கொண்டே கத்தரிக்கோலைத் திருப்பும். சோப்பு நுரைக்குள் புகுந்து தலைகளைத் தேய்க்கும்.

திறந்தாள். மூடினாள். திறந்தாள்.

கண்ணாடியின் முதுகுக்குப் பின்னால் யாரோ அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்து நீட்டினார்கள்.

பிறகு மோதிரவிரலை.

எரியவில்லை. அதுதான் திகிலாக இருந்தது.

“என் விரலை எதுக்குத் தொட்ட?” என்று கத்தினாள். “தொடமாட்டேன்னு சொல்லிட்டுத்தானே உட்கார வச்ச!”

தெரபிஸ்ட் பெண்ணின் கண்கள் கண்ணாடியின் மறுபக்கத்தில், தலையணைமேல் நிலைத்திருந்தன.

பார்லர்க்காரி அவள் கைகளைத் தேடினாள்.

ஒன்று கண்ணாடியின் இந்த ஓரத்தில் இருந்தது. இன்னொன்று அந்த ஓரத்தில். சொன்னது சொன்னபடி. பிடித்த பிடியில் நகங்கள் வெளுத்திருந்தன.

அறையில் வேறு யாரும் இல்லை.

“கண்ணாடியை எடுத்துரட்டுமாக்கா?” என்றாள் அந்தப் பெண். “நீங்களே பாருங்களேன்.”

கழுத்தை இந்தப் பக்கம் கொஞ்சம் நீட்டினால் போதும். பார்த்துவிடலாம். ஆடியது விரலா, வெறும் பிரமையா என்று தெரிந்துவிடும்.

அந்த வங்கி அம்மாள் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் தன் உச்சந்தலையைக் கையால் தடவிப் பார்த்ததில்லை. தினமும் வீட்டில் தானே தலை சீவிக்கொள்கிறவருக்கு அந்த வழுக்கை தெரியாமலா இருக்கும்?

இது இதுவரை பார்லர்க்காரிக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் பெண்ணின் நடுக்கத்தில் கண்ணாடி மறுபடி ஒரு நூல் சாய்ந்திருந்தது. பார்லர்க்காரி அதைக் கவனித்தாள்.

“வேண்டாம்மா,” என்றாள். “அப்படியே பிடி. அசைக்காத.”