கேசரிக்குப் பின் எடுத்த ரத்தம்

பெண் பார்க்க வருகிறவர்கள் இப்போது ஜாதகம் கேட்பதில்லை, சர்க்கரை அளவைத்தான் கேட்கிறார்கள்.

ஆறு வருடங்களுக்கு முன் புஷ்கலா தன் மூத்த மகனுக்கு என்னைப் பார்க்க வந்தாள். "நீயும் சாப்பிடும்மா" என்று வற்புறுத்திக் கேசரி சாப்பிட வைத்தாள். பிறகு என் விரலில் ஊசியைக் குத்தினாள். 158.

"சாப்பிட்டா ஏறும் ஆன்ட்டி. வெறும் வயித்துல பாருங்க" என்றேன். அவள் கேட்கவில்லை. அந்த எண்ணை வரன் தேடும் இணையதளத்தில் ஏற்றிவிட்டுப் போனாள். ஏறியதை அழிக்க வழியில்லை. அதன் பிறகு எந்த வீட்டாரும் என்னைப் பார்க்க வரவில்லை.

இன்று இளைய மகன் தர்ஷனோடு என் தங்கையைப் பார்க்க வந்திருக்கிறாள். எத்தனை வீட்டுக் கேசரி சாப்பிட்டவளோ, என் முகம் அவளுக்கு நினைவில்லை. தங்கை சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கிண்டிய கேசரியைத் தர்ஷனுக்கு இரண்டு கிண்ணம் பரிமாறினேன். அரை மணி நேரம் பேச்சுக் கொடுத்துவிட்டுச் சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து அவன் விரலில் குத்தினேன்.

173.

"ஐயோ, இப்பதானேம்மா சாப்பிட்டான், ஏறத்தானே செய்யும்! வெறும் வயித்துல பாரு!" என்று பதறினாள் புஷ்கலா.

"அன்னிக்கு நானும் இதையேதான் சொன்னேன், ஆன்ட்டி."

அப்போதுதான் அவள் என்னை உற்றுப் பார்த்தாள். நான் எண்ணைத் தளத்தில் ஏற்றிவிட்டுக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"நீங்களும் சாப்பிடுங்க."