செவலையின் காதுக்குள்

செவலைப் பசுவின் காதுக்குள் ஓர் உண்ணி குடியிருந்தது. வீட்டுக்காரி கிண்ணத்தோடு வருவதைப் பார்த்ததும் அது கிசுகிசுத்தது.

“அக்கா, மருந்து வருது. போன தடவை கடை மருந்து தடவினாங்களே, உன் உடம்பை நக்கிட்டு உன் கன்னுக்குட்டி நுரை தள்ளிச்சே, மறந்துட்டியா?”

அன்று கன்று கால்களை உதறிக்கொண்டு கிடந்ததைச் செவலை மறப்பாளா? கன்றைத் தன் பின்னால் ஒதுக்கிவிட்டு, உதைக்கக் காலைத் தூக்கினாள்.

கிண்ணத்தில் வேப்பிலையும் வசம்பும் மஞ்சளும் சேர்த்து அரைத்த விழுது இருந்தது. “பயப்படாதடி தாயி, நம்ம அம்மியில அரைச்சதுதான்,” என்றாள் வீட்டுக்காரி. மூக்கை எரிக்கும் அந்தப் பழைய நெடி இதில் இல்லை. ஆனாலும் செவலைக்கு நம்பிக்கை வரவில்லை.

“உதைச்சுத் தள்ளு அக்கா! எனக்கென்ன வந்துச்சு? உன் பிள்ளைக்காகத்தான் சொல்றேன்,” என்றது உண்ணி.

அப்போது காதுக்குள் குறுகுறுவென்று இருந்தது. உண்ணியின் எட்டுக் கால்களும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன.

“ஆபத்து என் பிள்ளைக்குத்தானே? நீ ஏண்டா இப்படி நடுங்குற?” என்று கேட்டாள் செவலை.

உண்ணி காதுக்குள் இன்னும் ஆழமாகப் புகுந்துகொண்டது. செவலை பயந்தபடியே காலைக் கீழே வைத்து, காதை வீட்டுக்காரியின் பக்கம் சாய்த்தாள்.