மாப்பிள்ளை கண்ணுல சிவப்பு

"ஏளா, பையன் கண்ணப் பாத்தியா? மிளகாப் பழமாட்டம் செவந்து கெடக்கு. பக்கா தாரு பார்ட்டி, மொடாக்குடியன்!"

பெண் பார்க்க வந்த பையனையும் அவன் அம்மாவையும் முன்னறையில் உட்கார வைத்துவிட்டு, அடுக்களையில் மனைவி அன்னத்தாயின் காதைக் கடித்தார் செல்லத்துரை அண்ணாச்சி. மும்பை தாராவி வீடு. அடுக்களைக்கும் முன்னறைக்கும் நடுவே ஒரு துணித் திரைதான். அந்தப் பக்கம் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

"மெதுவாப் பேசுங்க. அலர்ஜின்னு அவங்கம்மா சொன்னாவல்லா?"

"குடிக்கிற பய எல்லாத்துக்கும் அலர்ஜிதான்! நம்ம வீட்டுல பீடி வாசமாவது உண்டா? இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

பக்கத்தில் நின்ற மகள் ஷர்மிளா அப்பாவின் கையைப் பிடித்தாள். வந்த வரன்களையெல்லாம் ஏதாவது நொட்டை சொல்லித் தட்டிவிட்டவர் அப்பா. இந்தப் பையனைத்தான் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

"அப்பா, ப்ளீஸ். அவர்ட்ட ஒரு வார்த்தை கேளுங்கப்பா."

கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. அண்ணாச்சி திரையை விலக்கி வெளியே வந்ததுமே பையன் சுதன் எழுந்து நின்றான்.

"மாமா, நான் தையல் பட்டறையில கட்டிங் மாஸ்டர். துணித் தூசி எனக்கு ஒத்துக்காது. அரிப்பு தாங்காம மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கி விடுதேன். இதான் மாமா."

சட்டைப் பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்து நீட்டினான்.

அண்ணாச்சி அதை வாங்கி, டியூப் லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"அட, மாப்ளே பத்தரை மாத்துத் தங்கம்லா! ஷர்மிளா, டீ கொண்டாம்மா!"

பின்னாலேயே வந்த அன்னத்தாய்க்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னங்க, இப்பத்தானே வேண்டாம்னு குதிச்சீய?"

"போளா, கூறு கெட்டவளே! இது அரிப்புக்கு உள்ள மருந்து. குடிக்கிறவன் இத வாங்கவே மாட்டான். அவன் வாங்குறது வேற. ரெண்டு சொட்டு விட்டுட்டுப் படியேறுனான்னு வையி, சிவப்பெல்லாம் போயி கண்ணு பளிச்சுன்னு ஆயிரும். பொண்டாட்டி மூஞ்சிக்கு நேரா நின்னு பாத்தாலும் ஏக்தம், கொஞ்சங்கூடத் தெரியாது!"

சுதன் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டான்.

அன்னத்தாய் அவன் அம்மாவிடம் கை கூப்பினாள். "எங்களுக்குப் பூரண சம்மதம், சம்பந்தியம்மா. நல்ல நாள் பாருங்க."

பிறகு நிதானமாகப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க எந்த மெடிக்கல்ல வாங்குதீய?"