கறுப்பில் ஒரு நீலக் கோடு

அது எந்த மாதமென்று எனக்கு இப்போது உறுதியில்லை. காலை வெயில் மட்டும் நினைவிருக்கிறது. குருநகரில் யாகப்பு அண்ணை டெனிஸ்ரனின் வானுக்கு முன்னால் குந்தியிருந்து, வெளிறிச் சாம்பலாகிப்போன பிளாஸ்டிக் பம்பருக்கு, பழைய நிறம் மீளக் கருவியால் சூடான காற்றைப் பிடிக்கிறார். காற்றுப் பட்ட இடமெல்லாம் கறுப்பு ஊறி மேலே வருகிறது. பெர்னடெட் அக்காவைச் சைக்கிளோடு இடித்தது தன் வானில்லையென்று கோயில் முற்றத்தில் மாதா மீது ஆணையிட்டவன் டெனிஸ்ரன். வேறிடம் போனால் ஊர் சந்தேகிக்குமென்று, தங்கையின் கலியாணத்துக்கு வானை மினுக்க, அக்காவின் கணவரான யாகப்பு அண்ணையிடமே கொண்டுவந்திருக்கிறான். சாம்பலில் தெரியாதிருந்த நீலக் கோடொன்று கறுப்பு ஏற ஏறத் துலங்குகிறது. அதை அண்ணை துணியால் மெதுவாக மினுக்குகிறார்.

"உதையும் அழிச்சுவிடுங்கோ அண்ணை. தங்கச்சி கலியாணத்துக்கு வெளிக்கிட்டு நிக்கிறாள்."

"உது என்ரை மனுசியின்ரை சைக்கிள் பெயின்ற், தம்பி. சுரண்டினால் இன்னும் வடிவாத் தெரியும்."

"நான் அண்டைக்கே சொன்னனான்..."

"ஓம், நீர் சொன்னனீர். இண்டைக்கு வான் சொல்லட்டும்."

கோயில் மணி அடிக்கிறது. டெனிஸ்ரன் சாவியை வாங்குகிறான்.

மணமகள் அந்த வானில்தான் போனாள். கோயில் முற்றத்தில் எல்லோரும் பம்பரின் நீலக் கோட்டைப் பார்த்தார்கள். டெனிஸ்ரன் வானை விற்றுவிட்டு மன்னாருக்குப் போய்விட்டான். பெர்னடெட் அக்கா இன்னும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறார். யாகப்பு அண்ணை அதே இடத்தில் வேலை செய்கிறார்.